கொசுக்களுக்குப் பிடித்த கை

அண்ணி எங்கே உட்கார்ந்தாலும் தன் இடது கையைத் தனியாக உட்கார வைப்பார். பேருந்தில் என்றால் மடியில் பை, பைமேல் கை. வீட்டில் என்றால் பக்கத்து நாற்காலியில் ஒரு துண்டை விரித்து அதன்மேல் கை. நான் மருமகளாக வந்த முதல் வாரத்தில் தெரியாமல் அந்த நாற்காலியில் உட்காரப் போனேன். “ஆள் இருக்கு” என்றார். குனிந்து பார்த்தேன். ஆள் இல்லை, கைதான் இருந்தது.

பாத்திரம் தேய்ப்பது, பூட்டைத் திறப்பது, என் கணவரின் முதுகில் ஒன்று போடுவது எல்லாமே வலது கையின் வேலை. இடது கை சுடுதண்ணீரில் படாது, வெயிலைப் பார்க்காது. வெளியே கிளம்பினால் அதற்கு மட்டும் முழங்கைக்கு மேல் வரை ஒரு பருத்தி உறை. வாசனைச் சோப்பு அதற்கு ஆகாது. சென்ட் பூசிக்கொண்டு யாராவது வீட்டுக்கு வந்தால் அண்ணி எழுந்து உள்ளறைக்குப் போய்விடுவார், தூங்குகிற பிள்ளையைத் தூக்கிப் போவதுபோலக் கையை ஏந்திக்கொண்டு.

அண்ணி என் கணவருக்கு அக்கா. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கொசு ஆய்வகத்தில் வேலை. பேருந்தில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் பேச்சுக் கொடுப்பார்கள்.

“ஆய்வகத்துல என்ன வேலைங்க?”

“கைங்க.”

“கையா?”

“ஆமா. நான் கையை உள்ள விடுவேன், கொசு கடிக்கும், டாக்டர் பாத்து எழுதிக்குவாங்க.”

கேட்டவர் பெரும்பாலும் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிடுவார்.

அந்த ஆய்வகத்தில் இலைகளிலிருந்து எண்ணெய் எடுக்கிறார்கள். பின்புறக் கொட்டகையில் எலுமிச்சைப்புல், தைல மரத்து இலை, புதினா எல்லாம் நிழலில் உலரும். பெரிய பானையில் அவற்றை ஆவியில் வேகவைத்து, ஆவி குளிர்ந்து சொட்டும்போது தண்ணீர்மேல் மிதக்கிற எண்ணெயைத் தனியே உறிஞ்சி எடுப்பார்கள். ஒரு சாக்கு இலைக்கு ஒரு சின்னக் குப்பி நிறைந்தால் அன்றைக்கு எல்லோர் முகத்திலும் சிரிப்பு இருக்கும். டெங்குவைப் பரப்புகிற கொசு பகலில் கடிக்கிற ஜாதி. இரவில் வலைக்குள் படுத்து அதனிடமிருந்து தப்ப முடியாது. கொசுவர்த்திச் சுருள் கொளுத்தினால் குழந்தைகளுக்கு இருமல். யாரும் வீட்டு வாசலில் வளர்க்கக்கூடிய ஒரு புல்லிலிருந்து, பிள்ளைகளின் தோலில் பயமில்லாமல் தடவக்கூடிய ஒரு எண்ணெய் வேண்டும். எங்கள் டாக்டரம்மா தேடுவது அதைத்தான்.

எண்ணெய் வேலை செய்கிறதா என்று கொசுதான் சொல்ல வேண்டும். கொசுவிடம் கேட்க ஒரு கை வேண்டும்.

அதற்கு முன் அண்ணி பல இடங்களில் வேலை பார்த்திருக்கிறார். தையல் ஆலையில் பேச்சு அதிகம் என்று அனுப்பினார்கள். ஆஸ்பத்திரிச் சமையலறையில் உப்பு அதிகம் என்று அனுப்பினார்கள். சலவைக் கடையில் மொத்தத்தில் எல்லாமே அதிகம் என்றார்கள். பிறகு ஒருநாள் ஆய்வகத்தில் கை கொடுக்க ஆள் எடுப்பதாகக் கேள்விப்பட்டுப் போனார். வரிசையாகப் பலர் கூண்டுக்குள் கை நீட்டினார்கள். ஒன்றிரண்டு கொசு வந்து உட்கார்ந்தன. அண்ணி கையை விட்டதும் கூண்டில் இருந்த அத்தனையும் கிளம்பி வந்து அப்பிக்கொண்டனவாம்.

“எத்தனை எடத்துல போய் நின்னிருக்கேன். பாத்த ஒடனே இவதான் வேணும்னு சொன்னது அதுங்க மட்டும்தாண்டி” என்று என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார். ஆனால் சொல்லும்போது என்னைப் பார்க்கமாட்டார், கையைத்தான் பார்ப்பார்.

கண்ணாடிக் குப்பி கழுவும் வேலைக்கு என்னையும் அங்கே சேர்த்துவிட்டது அண்ணிதான். கழுவும் தொட்டிக்கும் சோதனை அறைக்கும் நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்பு மட்டும். அதனால் எல்லாம் தெரியும், கேட்கும்.

சோதனை இப்படி நடக்கும். கொசுக்கள் ஆய்வகத்திலேயே முட்டையிலிருந்து வளர்ந்தவை, நோய் எதுவும் கிடையாது. முந்தின நாள் சாயங்காலமே அவற்றின் சாப்பாட்டை எடுத்துவிடுவார்கள். காலையில் நல்ல பசியோடு இருக்கும். அண்ணி விரல்களுக்கு ரப்பர் உறை மாட்டி, முன்னங்கையை மட்டும் திறந்து, கூண்டின் துணிக்குழாய் வழியாக உள்ளே விடுவார். முதலில் வெறுங்கை. அதில் கொசு வந்து உட்கார வேண்டும். உட்காராவிட்டால் அன்றைய சோதனை செல்லாது. பசியில்லாதவனிடம் சாப்பாட்டைப் பற்றி என்ன கேட்பது? வெறுங்கைக்கு வந்தால்தான் பிறகு எண்ணெய் தடவி, முதல் கடி எப்போது விழுகிறது என்று பார்ப்பார்கள்.

கையை விட்டதும் அண்ணி பேச ஆரம்பித்துவிடுவார். “வந்துட்டா பாரு குண்டம்மா. ஏய் நோஞ்சான், நீ ஏன் பின்னாடியே நிக்கிற? இடிச்சிக்கிட்டு வா. கூச்சப்பட்டா பட்டினிதான்.”

“பேசாதீங்க. மூச்சுக் காத்து பட்டா அதுக்கும் கொசு வரும்” என்பார் டாக்டரம்மா.

அண்ணி மூச்சைப் பிடித்துக்கொள்வார். முகம் சிவந்து, கண் பிதுங்கும். டாக்டரம்மா பயந்துபோய், “மூச்சு விடுங்க, விடுங்க” என்பார். விட்ட மூச்சோடு இரண்டு வாக்கியமும் சேர்ந்து வெளியே வந்துவிடும்.

கொசுக்களை வளர்ப்பவரை எல்லோரும் கொசுக்காரர் என்றுதான் கூப்பிடுவோம். ஒல்லியான மனிதர். மனைவி இறந்து வெகுகாலம் ஆகிறது. தட்டுத் தட்டாகத் தண்ணீரில் புழுக்களை வளர்த்து, மீன் தீனியைப் பொடித்துத் தூவி, கொசுவானதும் கூண்டுக்கு மாற்றி, சர்க்கரைத் தண்ணீரில் நனைத்த பஞ்சை வைப்பார். அவர் மனிதர்களோடு பேசி நான் அதிகம் கேட்டதில்லை. கூண்டருகே மட்டும் முணுமுணுப்பு கேட்கும். சோதனை முடிந்து அண்ணியின் கை தடித்துச் சிவந்திருக்கும்போது, குளிர்ந்த தண்ணீரில் நனைத்த ஒரு துணியைக் கொண்டுவந்து மேசையின் அந்தக் கோடியில் வைத்துவிட்டுப் போய்விடுவார்.

“அந்த ஆளுக்கு வாய் இருக்கா, இல்ல கொசு தூக்கிட்டுப் போயிடுச்சா?” என்று அண்ணி அந்தத் துணியை எடுத்துக் கையில் சுற்றிக்கொள்வார்.

எலுமிச்சைப்புல் எண்ணெயின் முறை வந்தபோதுதான் விபரீதம் நடந்தது. டாக்டரம்மா அந்த எண்ணெயைத்தான் பெரிதாக நம்பியிருந்தார். அண்ணி வழக்கம்போல வெறுங்கையை விட்டார். கொசுக்கள் கூண்டின் சுவரில் உட்கார்ந்திருந்தன. அப்படியே உட்கார்ந்திருந்தன. ஒன்றே ஒன்று மட்டும் மெதுவாகப் பறந்து வந்து, கைமேல் இறங்கி, கடைக்குள் வந்து விலை கேட்டுவிட்டுப் போகிறவர்போல் இரண்டு அடி நடந்துவிட்டுத் திரும்பிப் போனது.

“ஏய், எங்க போற?” என்றார் அண்ணி.

டாக்டரம்மா கேள்விமேல் கேள்வி கேட்டார். சோப்பு மாற்றினீர்களா, மருந்து ஏதாவது சாப்பிட்டீர்களா, பூண்டு சாப்பிட்டீர்களா, பக்கத்தில் யாராவது சென்ட் அடித்தார்களா?

“மேடம், நான் பூ வெச்சே எத்தனையோ வருஷமாச்சு. என்னைப் போய்க் கேக்கறீங்களே.”

அடுத்த சோதனையிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும் அப்படியே. கூண்டை மாற்றினார்கள், விளக்கை மாற்றினார்கள். துணிக்குழாயை நான் மூன்று தண்ணீரில் அலசிக் காயவைத்தேன். கொசுக்கள் அசையவில்லை. கடைசியில் டாக்டரம்மா, பயிற்சிக்கு வந்திருந்த ஒரு மாணவியைக் கூப்பிட்டு, அடுத்த நாள் அவள் கையை விடச் சொன்னார். அவள் கண்ணை மூடிக்கொண்டு விட்டாள். விட்ட வேகத்தில், “ஐயோ மேடம், மொய்க்குது மேடம்!” என்று கத்தினாள்.

அண்ணி கதவோரம் நின்றிருந்தார். அன்று பேருந்தில் திரும்பும்போது அந்த இடது கை உறை இல்லாமல், எல்லோருடைய கையையும்போலக் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வந்தது.

வீட்டுக்கு வந்ததும் அண்ணி ஒரு முக்காலியை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறச் சாக்கடையோரம் போய்ச் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். என் கணவர் ஓடினார்.

“அக்கா, உள்ள வா. டெங்கு வந்துடும்.”

“வரட்டும்டா. ஏதாவது ஒண்ணாவது என்னைத் தேடி வரட்டும்.”

“அதான் கடிக்குதே. பாரு, மூணு ஒக்காந்திருக்கு. அப்புறம் என்ன கவலை?”

“இதுங்க தெருக் கொசுடா. கதவைக்கூடக் கடிக்கும். அதுங்க ஆய்வகத்துல பொறந்து வளந்தது. ருசி தெரிஞ்சது. அதுங்க வேணாம்னா வேணாம்தான்.”

“வயசாகுதில்லக்கா. ரத்தம் கொஞ்சம் சூடு ஆறியிருக்கும்.”

முதுகில் பளாரென்று ஒன்று விழுந்தது. இடது கையால் விழுந்தது. விஷயம் எவ்வளவு பெரியது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அதற்குப் பிறகு வீட்டில் பீட்ரூட் ராஜ்ஜியம். ரத்தம் ஊறும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். காலையில் பீட்ரூட் சாறு, மதியம் பீட்ரூட் பொரியல், ராத்திரி மிச்சமிருந்த பீட்ரூட். வியர்வை வாடைக்குக் கொசு வரும் என்று டாக்டரம்மா எப்போதோ சொன்னதை நினைத்து, ஆய்வகத்து மாடிப்படியில் ஏறி ஏறி இறங்கினார். நாங்களும் பீட்ரூட் தின்று தின்று, என் கணவர் ஒருநாள் காலையில் கழிப்பறையிலிருந்து அலறிக்கொண்டு வெளியே வந்தார். பீட்ரூட்தான் என்று நான் சொல்லி நம்பவைப்பதற்குள் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பச் செருப்புப் போட்டுவிட்டார்.

எதற்கும் கொசுக்கள் இரங்கவில்லை. டாக்டரம்மா ஒருநாள் அண்ணியைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

“உங்க மேல ஒரு தப்பும் இல்ல. உடம்பு மாறும், அது இயற்கை. அடுத்த வாரத்துலேருந்து இலைக் கொட்டகையைப் பாத்துக்குங்க. கடி இல்லாத வேலை. கை அந்தப் பொண்ணு கொடுப்பா.”

மற்றவர்கள் எல்லோரும், “நல்லதாப் போச்சு, இனிமே அரிப்பு இல்ல” என்று வாழ்த்தினார்கள். கொசுக்காரர் தூரத்தில் நின்று சிரித்தார். அவருக்குப் பல் இருப்பதை நான் அன்றுதான் பார்த்தேன்.

அண்ணி நேராக என் தொட்டிக்கு வந்தார்.

“அந்தச் சோப்பைக் குடுடி.”

நான் கைகழுவ வைத்திருந்தது எலுமிச்சை வாசனைச் சோப்பு. அண்ணி அதன் பக்கத்திலேயே வரமாட்டார். “அண்ணி, இது வாசனைச் சோப்பு” என்றேன்.

“தெரியுது, குடு. இனிமே யாருக்காக இதைக் காப்பாத்தணும்?”

இடது கையில் நுரை பொங்கப் பொங்கத் தேய்த்தார். தேய்த்துக்கொண்டே அழுதார். சத்தம் வெளியே வராத அழுகை. அண்ணியிடமிருந்து சத்தமில்லாமல் எதுவும் வந்து நான் பார்த்ததில்லை.

அந்த நேரம் பார்த்துக் கொசுக்காரர் கழுவவேண்டிய தட்டுகளோடு வந்தார். அண்ணியைப் பார்த்ததும் நின்றுவிட்டார். அண்ணி முகத்தைத் துடைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனதும் என்னிடம் தாழ்ந்த குரலில் கேட்டார்.

“ஏங்க, ஏன் அழுவறாங்க?”

“கொசு கடிக்க மாட்டேங்குதுன்னு” என்றேன்.

“அதுக்கா அழுவறாங்க? கொசு கடிக்கலைன்னா யாரும் சந்தோஷம்தானே படுவாங்க?”

“அண்ணி அப்படி இல்லீங்க.”

அவர் தட்டுகளைத் தொட்டியில் வைக்காமல் கையில் பிடித்துக்கொண்டே நின்றார். தட்டுத் தண்ணீர் அவர் சட்டைமேல் சொட்டியது. பிறகு தட்டுகளோடேயே டாக்டரம்மாவின் அறைக்குள் போனார். சற்று நேரத்தில் டாக்டரம்மாவின் குரல் வெளியே வந்தது. “எல்லாரும் இங்க வாங்க!”

போனோம். கொசுக்காரர் இன்னும் தட்டுகளைப் பிடித்தபடி நின்றார்.

“சொல்லுங்க, இவங்க முன்னாடியே சொல்லுங்க” என்றார் டாக்டரம்மா.

“அதுங்களுக்குப் பசியில்ல மேடம்.”

“எதுங்களுக்கு?”

“கொசுங்களுக்கு. கொஞ்ச நாளா, இவங்க கை விடற அன்னிக்கெல்லாம் காலையில பஞ்சு வெச்சிட்டு, எல்லாரும் வர்றதுக்குள்ள எடுத்துட்டேன். சர்க்கரைத் தண்ணிப் பஞ்சு.”

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். “சோதனை அன்னிக்குப் பட்டினியா இருக்கணும்னு உங்களுக்குத் தெரியாதா?”

“தெரியும் மேடம்.”

“அப்புறம் ஏன்?”

அவர் அண்ணியின் கையைப் பார்த்தார். “ரொம்பத் தடிச்சுப் போகுது மேடம். சாயங்காலம் வரைக்கும் சொறியாம பல்லைக் கடிச்சிக்கிட்டு ஒக்காந்திருக்காங்க. பாக்க முடியல.”

“இந்தப் பொண்ணு கையை விட்டப்போ?”

“அன்னிக்கு வெக்கல.”

“அப்ப என் கை மட்டும் என்ன ரப்பரா சார்?” என்றாள் மாணவி. அதற்குள் அண்ணி மூச்சை உள்ளே இழுத்துவிட்டார்.

“யோவ்! என் கைக்குக் காவல் இருக்கச் சொல்லி உன்னை யாருய்யா கேட்டா? கிழவியாயிட்டேன், ரத்தம் செத்துப்போச்சுன்னு நான் ராத்திரி பகலா பீட்ரூட் தின்னுக்கிட்டு இருக்கேன். நீ பாட்டுக்கு அதுங்களுக்கு விருந்து வெச்சிட்டு ஒண்ணும் தெரியாதவன் மாதிரி நிக்கிற! என் பொழப்புல மண்ணைப் போட்டியே!”

“உங்களுக்கு வருத்தமா இருக்கும்னு தெரியாதுங்க. கொட்டகைக்குப் போனா கையும் ஆறும், நிழல்லயும் இருப்பீங்கன்னு…”

“நிழலு! அந்தக் கொட்டகையில நான் யாருகிட்டய்யா பேசறது, புல்லுகிட்டயா?”

“நான் வருவேன்ல” என்றார் கொசுக்காரர்.

அண்ணி வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. மூடினார். மறுபடி திறந்தார். தையல் ஆலைக்காரர்கள் இதைப் பார்த்திருந்தால் நம்பியிருக்கமாட்டார்கள்.

டாக்டரம்மா கொசுக்காரர் பக்கம் திரும்பினார். “கொசு கிட்ட வராம இருக்க ஒரு எண்ணெய் வேணும்னு வருஷக்கணக்கா இலை இலையா வேகவெச்சிக்கிட்டு இருக்கேன். நீங்க ஒரு பஞ்சுல முடிச்சிட்டீங்க” என்று சிரித்துவிட்டார். சிரித்து முடித்ததும் முகம் மாறியது. கொசு அறைச் சாவியை வாங்கிக்கொண்டார். அத்தனை நாள் சோதனையும் வீண். மறுபடியும் முதலிலிருந்து.

“இப்பவே பாத்துடலாம் மேடம்” என்று அண்ணி கையை நீட்டினார். அறை முழுக்க எலுமிச்சைச் சோப்பு மணத்தது. டாக்டரம்மா தலையில் கைவைத்துக்கொண்டார். அந்த வாசனை போவதற்காகச் சில நாட்கள் காத்திருக்க வேண்டியதாயிற்று.

அந்த நாட்களில் அண்ணி தூங்கவில்லை. முன்பு காரணம் தெரியாத பயம். இப்போது இன்னும் பெரிய பயம். “பசியோட இருக்கறப்பவும் வரலைன்னா என்னடி பண்றது?” என்று என்னிடம் கேட்டார். துண்டை எடுத்து நாற்காலியில் விரித்துவைத்தேன். அண்ணி கையை அதில் வைக்கவில்லை. “முதல்ல அதுங்க சொல்லட்டும்” என்றார்.

சோதனை அன்று டாக்டரம்மாவே கூண்டைக் கொண்டுவந்தார். கொசுக்காரரை இலைக் கொட்டகைக்கு அனுப்பிவிட்டார்கள், அங்கிருந்து கொசு அறைக்கு வழியே கிடையாது. அண்ணி ரப்பர் உறையை மாட்டினார். துணிக்குழாய்க்குள் கையை விட்டுவிட்டுக் கண்ணை இறுக மூடிக்கொண்டார். வழக்கமான பேச்சு ஒன்றுமில்லை. நான் குப்பியைக் கையில் பிடித்தபடி தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்றேன்.

“வந்துதா?” என்று அண்ணி உதட்டை அசைக்காமல் கேட்டார்.

“கண்ணைத் திறந்து நீங்களே பாருங்க.”

மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் இடமில்லாமல் உட்கார்ந்திருந்தன. இடம் கிடைக்காதவை மேலே சுற்றிக்கொண்டிருந்தன.

“வாங்கடி என் ராசாத்திங்களா! எங்கடி போயிருந்தீங்க இத்தனை நாளா? ஏய், தள்ளி ஒக்காரு, அவளுக்கும் எடம் குடு…”

“மூச்சு, மூச்சு!” என்றார் டாக்டரம்மா. ஆனால் அவரும் சிரித்துக்கொண்டிருந்தார்.

பிறகு எண்ணெய் தடவினார்கள். உள்ளே போன கையைக் கொசுக்கள் சுற்றிப் பார்த்துவிட்டு விலகிப் போயின. எல்லோரும் காத்திருந்தோம். ஒரு மணி நேரம் தாண்டிச் சற்று நேரத்தில் முதல் கடி விழுந்தது. அரை நாளாவது தாங்கும் என்று நினைத்திருந்த டாக்டரம்மா பெருமூச்சு விட்டார். இலை எண்ணெய் சீக்கிரம் காற்றில் போய்விடும், அதுதான் அதோடு இருக்கிற தொல்லை. பிற்பாடு வெனிலா வாசனைக்குச் சேர்க்கிற பொருளைக் கொஞ்சம் கலந்து பார்த்ததில் கூடுதலாகச் சில மணி நேரம் தங்கியது. அந்த ஒவ்வொரு மணி நேரத்தையும் அண்ணியின் கைதான் சொன்னது.

இப்போது அந்த எண்ணெய் சின்னக் குப்பிகளில் சுகாதார நிலையத்தில் கிடைக்கிறது. மறுபடி மறுபடி தடவ வேண்டும், மறந்தால் கடிக்கும். அண்ணிதான் இன்னமும் ஆய்வகத்தின் கை. மாணவி படிப்பு முடித்துப் போய்விட்டாள். கொசுக்காரருக்குச் சாவி திரும்பக் கிடைத்துவிட்டது, ஆனால் சோதனைக்கு முந்தின சாயங்காலம் பஞ்சை எடுக்கும்போது டாக்டரம்மா பக்கத்தில் நிற்பார், சாவியும் அன்றிரவு அவரிடம்தான் இருக்கும். மதியம் கொசுக்காரரும் அண்ணியும் இலைக் கொட்டகையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். பேசுவது அண்ணி மட்டும்தான். அதைப் பற்றி அண்ணி எங்களிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.